நீலம் வந்த திங்கட்கிழமைகள்

ஸ்பிரிட் விளக்கின் வாசனை உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, கொஞ்சம் தித்திப்பும் கொஞ்சம் காரமுமாக மூக்கின் நுனியில் வந்து நிற்கும். சாந்தோமில் நாங்கள் குடியிருந்த வீட்டில், திங்கட்கிழமை காலைகளில், அம்மா அடுப்பு மூட்டுவதற்கு முன்பே அந்த வாசனை எழுந்துவிடும். அப்பா ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, குளியலறை மாடத்தில் முந்தின ராத்திரியே சின்னப் புட்டியில் பிடித்து வைத்திருந்த தம்முடைய சிறுநீரில் எட்டே எட்டுச் சொட்டு அதில் விட்டு, மரக் கிடுக்கியால் பிடித்துச் சுடரின் மேல் ஆட்டிக்கொண்டே இருப்பார். உடம்பில் சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே இருக்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, அதற்கு மேல் மஞ்சள், ரொம்பப் போனால் செங்கல் பொடியைக் கரைத்தாற்போல் ஒரு சிவப்பு. அப்பா பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறவர் என்பதால் டாக்டர் இந்த வேலையை அவரிடமே விட்டிருந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. நிறம் மாறுகிற அந்த ஒரு நிமிஷத்துக்காகப் படுக்கையிலிருந்து குதித்து ஓடி வருவேன்.

யுத்த காலம் அது. குண்டு விழும் என்று பயந்து ஊரைக் காலி செய்துகொண்டு போனவர்களெல்லாம் திரும்பி வந்துவிட்டார்கள், சர்க்கரைதான் வரவில்லை. ரேஷனில் கிடைத்த கொஞ்சத்தை அம்மா அலமாரியில் வைத்துப் பூட்டுவாள். ஊரே சர்க்கரைக்கு ஏங்கிக்கொண்டிருந்த அந்த வருஷத்தில்தான், அப்பாவின் உடம்பில் அது மிதமிஞ்சிப் போயிருப்பதாக டாக்டர் சொன்னார். "சர்க்காருக்குத் தெரிஞ்சா வீட்டுக்கே வந்து அளந்துகிட்டுப் போயிடுவாங்க" என்று அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அம்மாவுடைய அண்ணன் இதே வியாதியில், காலில் பட்ட ஒரு சின்னக் காயம் ஆறாமல்தான் போய்ச் சேர்ந்திருந்தார்.

தித்திப்பு விஷயத்தில் அப்பாவும் நானும் ஒரே கட்சி. அவருடைய சட்டைப் பையில் எப்போதும் சாக்பீஸ் தூளோடு ஒட்டிக்கொண்டு இரண்டு "கமர்கட்" இருக்கும், ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. நல்ல வேளையாக, டாக்டர் சொன்ன அடுத்த வாரமே விபூதித் திருநாள் வந்தது. பாஸ்கு என்கிற ஈஸ்டர் திருநாளுக்கு முன்னால் நாற்பது நாள் தபசு காலம் தொடங்குகிற நாள் அது. எங்கள் கத்தோலிக்க வீடுகளில் அந்த நாற்பது நாளும் ஆளுக்கொரு பிரியமான பொருளை விட்டுவிடுவார்கள், அதற்கு "ஒறுத்தல்" என்று பெயர். டாக்டருக்குப் பயந்து இனிப்பை விட்டதாக இருக்க வேண்டாம், ஆண்டவருக்காக விட்டதாக இருக்கட்டும் என்று அப்பா தீர்மானித்தார். நானும் சேர்ந்துகொண்டேன். என் பங்குச் சர்க்கரையைத் தம்பிக்குக் கொடுத்துவிடச் சொல்லி, வெறும் காபியை முகம் சுளிக்காமல் குடித்தேன். மூன்று நாளில் கனவில் எல்லாம் கமர்கட்.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசையில் சாமியார் கையால் நற்கருணை அப்பம் வாங்குகிறவர்கள் முந்தின நள்ளிரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது என்பது அந்த நாளைய சட்டம். பூசை முடிந்து வெளியே வரும்போது வயிறு கூப்பிடும். வீட்டுக்குத் திரும்ப வேண்டிய அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு கச்சேரி ரோடு பக்கம் நடந்தார். அங்கே மாணிக்கம் என்பவர் ஒரு மிட்டாய்க் கடை வைத்திருந்தார். சர்க்கரை கிடைக்காமல் வெல்லப் பாகில் ஜிலேபி போட்டுக்கொண்டிருந்த சமயம். வாணலியிலிருந்து கருஞ்சிவப்பாக எடுத்து, பாகு சொட்டச் சொட்ட இலையில் வைப்பார்.

"இன்னா வாத்யாரே, கோயிலுக்குப் போறவங்கோ எல்லாம் நோம்புன்னு இந்தப் பக்கமே திரும்ப மாட்டேங்கிறாங்கோ. நீ மட்டும் பாப்பாவ இஸ்துகினு வந்து நிக்கிற?"

"இன்னைக்கு ஞாயிறு மாணிக்கம். நோம்புக்கு லீவு."

நான் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். அப்பா குனிந்து, கணக்கு வகுப்பில் பேசுகிற குரலில், "ரோசம்மா, விபூதித் திருநாள்லேருந்து பாஸ்கு வரைக்கும் எண்ணிப் பாரு, நாப்பத்தாறு நாள் வரும். ஞாயிறு ஆறையும் கழிச்சாத்தான் நாப்பது. அப்போ ஞாயிறு தபசுல சேராது" என்றார். நான் விரல் விட்டு எண்ணினேன். சரியாகத்தான் வந்தது.

"டாக்டர்?" என்றேன்.

"அவர் சர்க்கரைன்னுதானே சொன்னார்? இது வெல்லம்."

இத்தனை நியாயத்துக்கு மேல் ஒரு குழந்தை என்ன செய்யும்? அந்த ஜிலேபியின் முதல் கடியில் மொறமொறப்பு உடைந்து வெதுவெதுப்பான பாகு நாக்கில் இறங்கியபோது, அப்பாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளக்கூட இல்லை. அவ்வளவு மும்முரம்.

மறுநாள் காலை குழாய் செங்கல் நிறமாகிவிட்டது. அம்மா அதைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், அடுப்படியில் போய் உட்கார்ந்தாள். "எங்கண்ணனுக்குப் பண்ணின மாதிரி உங்களுக்கும் நான் கால் கழுவி கட்டுப் போடணுமா? இந்த ரெண்டையும் வெச்சுக்கிட்டு நான் யார் வீட்டு வாசல்ல போய் நிப்பேன்?" என்றாள். அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறும் அப்பா கச்சேரி ரோடு பக்கம் நடந்தார், நானும் நடந்தேன். என்னால் அவரையும் தடுக்க முடியவில்லை, என்னையும் தடுக்க முடியவில்லை. அம்மா அழுவதையும் பார்க்க முடியாது. அதனால் திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் எழுந்து, மாடத்துப் புட்டியில் இருந்ததைக் கொட்டிவிட்டு, என்னுடையதை நிரப்பி வைத்தேன்.

நீலம்! துளிப் பச்சைகூட இல்லை. அம்மா குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மாதா படத்தைப் பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அது என்னவென்று தெரிந்திருந்த எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்பா என்னைப் பார்த்தார். பிறகு ஸ்பிரிட் விளக்கை மூடி அணைத்தார்.

அதையும் சேர்த்து நாலு திங்கட்கிழமை நீலம் வந்தது. சாமியாரிடம் பாவங்களை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாமென்று ஞானோபதேசப் புத்தகத்துப் பாவங்களின் வரிசையை எல்லாம் தேடினேன், இந்தப் பாவத்துக்குப் பெயர் அகப்படவில்லை. அம்மா டாக்டரிடம், "நாலு வாரமா நீலங்க" என்று பெருமையாகச் சொன்னாள். அப்படியானால் ஊசி இப்போதைக்கு வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். அதே சமயத்தில் புதுச் செருப்பு கடித்து அப்பாவின் இடது சுண்டுவிரலில் ஒரு புண் வந்திருந்தது. அது ஆறுகிற வழியாய் இல்லை. பாஸ்குக்கு முந்தின குருத்து ஞாயிறன்று அவர் பூசையில் முழங்காலிட்டபோது பார்த்தேன், விரல் கறுத்திருந்தது.

அடுத்து வந்த பெரிய வாரம் முழுக்க அப்பா ஆஸ்பத்திரியில். விரலை எடுத்துவிட்டார்கள். கால் தப்புமா என்று இரண்டு நாள் டாக்டர்களே வாய் திறக்கவில்லை. பெரிய வெள்ளிக்கிழமை என்னை அழைத்துக்கொண்டு போனார்கள். அம்மா வெந்நீர் வாங்க வெளியே போன சமயம் பார்த்து, கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, அந்த நீலம்..." என்று தொடங்கினேன்.

"மொத வாரம் கொஞ்சம் பச்சையாவது வந்திருந்தா நான்கூட நம்பியிருப்பேன்" என்றார் அப்பா. "செங்கல்லேருந்து ஒரே தாவா நீலத்துக்கு எந்த உடம்பும் போகாது, ரோசம்மா."

நான் அவர் போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

"அழாதே. நீ செய்யறது தெரிஞ்சும் சும்மா இருந்தவன் நான். ஒன்பது வயசுப் பொண்ணுக்குப் பின்னால ஒளிஞ்சுகிட்டு ஜிலேபி தின்னேன் பாரு, அதுக்கு ஒரு விரல் போனது சல்லிசு." பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

என்ன சொன்னாரோ தெரியாது. அம்மா இன்றுவரை என்னிடம் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

கால் தப்பியது. தினம் ஊசி என்றாயிற்று. பாஸ்கு திருநாளன்று தெருவெல்லாம் பலகாரத் தட்டுகள் போய் வந்துகொண்டிருந்தபோது நாங்கள் இருவரும் கை நீட்டவில்லை. அதுதான் மெய்யான ஆரம்பம். அதற்குப் பிறகு ஞாயிறும் கிடையாது, வெல்லமும் கிடையாது. ஆசை மட்டும் இருந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு அது வரும், சொல்லி வைத்தாற்போல் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் வரும். பள்ளிக்கூடப் பையை மூலையில் எறிந்துவிட்டு நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். "வந்துடுச்சா?" என்பார். "வந்துடுச்சுப்பா." உடனே தடியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். "கால் மணி நேரம். அதுக்கு மேல அதால நிக்க முடியாது" என்பது அவருடைய சித்தாந்தம். கோயிலுக்குப் பின்னால் இறங்கி, கட்டுமரங்களைத் தாண்டி, அடையாற்றின் முகத்துவாரம் பக்கமாக மணலில் நடப்போம். அவர் இடது காலைக் கொஞ்சம் சாய்த்து வைப்பார், நான் அதற்கேற்பச் சின்ன அடியாக வைப்பேன். வழியெல்லாம் என்ன பேச்சு என்கிறீர்கள்? சாப்பிடாத பலகாரங்களைப் பற்றித்தான். மைசூர்பாகில் ஓட்டை பெரிதாயிருக்க வேண்டுமா சிறிதாயிருக்க வேண்டுமா, அதிரசத்துக்குப் பாகுப் பதம் எது என்று காரசாரமாகச் சண்டை போட்டுக்கொண்டே போவோம். திரும்பி வருவதற்குள் அது போயிருக்கும், காற்று உப்பாக உதட்டில் ஒட்டியிருக்கும்.

அப்படிப் பதினோரு வருஷம் நடந்தார்.

நான் இப்போது தியாகராய நகரில் இருக்கிறேன், ஒரு கல்லூரியில் ரசாயனம் சொல்லிக்கொடுக்கிறேன். ரேஷன் போய்விட்டது, சர்க்கரை தாராளமாகக் கிடைக்கிறது. மாணிக்கத்தின் கடை இருந்த இடத்தில் சைக்கிள்கள் வாடகைக்கு விடுகிறார்கள். கல்யாண வீடுகளில் என் இலையில் லட்டு வைத்தபடியே இருப்பதைப் பார்த்துவிட்டு, "எப்படிம்மா விட்டீங்க?" என்று ஆச்சரியப்படுகிறார்கள். நான் ஒன்றும் விடவில்லை. சாயங்காலம் காபிக்கு மணி அடித்ததும் உட்கார்ந்து பார்க்கிறேன், இன்றைக்காவது அந்த ஆசை வருமா என்று. நாலடிக்கிறது, நாலே காலடிக்கிறது, அது வருவதில்லை. ஒரு நாள் வந்தால் தேவலை. பஸ் ஏறிக் கடற்கரைக்குப் போய்க் கொஞ்ச தூரம், சின்ன அடியாக, நடந்துவிட்டு வருவேன்.