மூன்றாம் லயம், சைபர் காம்பரா

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான். நோர்வூட் பஜாரில் சின்னதாக ஒரு கம்யூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி, போனுக்கு ரீலோட், நான்கு பழைய கணினிகள். அந்த நான்குக்கும் இணையத்தைப் பிரித்துக் கொடுப்பது மூலையில் கிடக்கும் இன்னொரு கிழட்டுப் பெட்டி. அதில் லினக்ஸ். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்ததை, புதுப்பி புதுப்பி என்று அது கேட்டுக்கொண்டே இருக்கிறதே என்று, கடை பூட்டும் முன் புதுப்பித்துத் தொலைத்தேன்.

மறுநாள் காலையில் இணையம் இல்லை. அன்று பார்த்து, பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி தாதிப் பயிற்சி நேர்முகத்துக்கு வந்து நின்றாள். நேர்முகம் கணினியில்தான், பத்து மணிக்கு. அவர்கள் லயத்தில், அந்த வரிசை வீடுகள் பக்கம், சிக்னல் கிடையாது. அம்மாவும் கொழுந்து பறிக்கப் போகாமல் கூடவே வந்து, குடையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

வயரைக் கழற்றி மாட்டினேன். நெட்வேர்க் அட்டையில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டுதான் இருந்தது. பெட்டியோ, அந்த அட்டையின் பெயரான eth0 என்று இங்கே யாருமே இல்லை என்று சாதித்தது. அலுப்பில் அழுகையே வந்தது. பிறகுதான் கண்ணில் பட்டது, அட்டையின் பெயர் மாறியிருந்தது. இப்போது அது enp3s0. முன்பெல்லாம் வந்த வரிசைதான் பெயர். இனி எந்தத் தடத்தில், எந்தத் துளையில் குடியிருக்கிறதோ அதுதான் பெயராம். நம்ம தோட்டத்து வழக்கம்தான். p3 என்றால் மூன்றாம் லயம், s0 என்றால் சைபர் காம்பரா, அதாவது பூச்சியமாம் அறை.

பழைய பெயரை அழித்துப் புதியதை எழுதினேன். அப்போதும் கணினிகளுக்கு இணையம் போகவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டானே. உள்ளே யாரை விடலாம், யாரை விடக்கூடாது என்று நான் முன்பு எழுதிவைத்த விதிகளிலும் பழைய பெயரே இருந்தது. அதையும் மாற்றி முடித்தபோது பத்து மணியாகச் சில நிமிடமே இருந்தது. பிள்ளை பின்னலைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள்.

நன்றாகப் பேசினாள். சிங்களத்தில் கேட்டதற்குச் சிங்களத்திலேயே பதில் சொன்னாள். கடைசியில் வீட்டு இலக்கமும் தெருவும் கேட்டார்கள். அவளுக்கு ஏது தெரு? ஏழாம் லயம், இரண்டாம் காம்பரா என்றாள். அந்தப் பக்கம் புரியவில்லை. மறுபடியும் சொன்னாள். தோட்டத்தின் பெயர் போதும், கடிதம் அங்கே வரும் என்று முடித்துவிட்டார்கள்.

இடம் கிடைத்துவிட்டது. கடிதமும் வந்தது, தோட்டத்து ஆபீசுக்கு. அங்கே எந்த மேசையில் கிடந்ததோ, அவள் கைக்கு வந்தபோது பயிற்சியில் போய்ச் சேரவேண்டிய நாள் தாண்டியிருந்தது. என் கடையிலிருந்துதான் போன் பண்ணிக் கேட்டாள். இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

யாரைத் திட்டுவது? அவள் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பெயரெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"அண்ணே, அன்னைக்கு மெஷினுக்குப் பேர மாத்துனீங்கள்ல, அது மாதிரி அடுத்த தடவ எம் பேருக்குக் கீழ ஒங்க கடை விலாசத்தப் போட்டுக்கிறேங்க" என்றாள்.

"போட்டுக்கம்மா" என்றேன்.

இப்போதெல்லாம் தபால்காரர் வந்தால், எனக்கு வந்த பில்களை ஒதுக்கிவிட்டு அவள் பெயரைத்தான் முதலில் தேடுகிறேன்.