மேலே வராத அணுக்கள்

வினோலியா கையை நீட்டி யாரிடமும் எதையும் வாங்க மாட்டாள். கடைக்காரர் சில்லறையை மேசைமேல் வைக்கும்வரை காத்திருப்பாள். சர்ச்சில் எல்லாரும் ஒருவர் கையை ஒருவர் பற்றிச் சமாதானம் சொல்லும்போது குனிந்து மகள் டெய்சியின் செருப்பு வாரைச் சரிசெய்வாள். அவள் விரல்கள் பூராவும் மரு. சில பாக்கு அளவு, பல மிளகு அளவு. சுட்டாலும் மருந்து வைத்தாலும் மறுபடி முளைக்கும்.

தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த ஸ்கெலட்டன் லைன் வீடுகளில் அதை யாரும் நோயென்று எண்ணவில்லை. அவள் அப்பா சாம்ராஜின் கைகளும் அப்படித்தான் இருந்தன. சுரங்கத்தில் பாறை துளைக்கிறவன் கை காய்த்துப்போகாமல் வேறு எப்படி இருக்கும் என்றார்கள். அவர் இருமி இருமிச் செத்தபோது பாறைத் தூசு என்றார்கள். அண்ணன் மேக்ஸ்வெல் சுரங்கத்துக்குள் காலே வைத்ததில்லை. அவன் வளர்வதற்குள் அதை மூடிவிட்டார்கள். அவனும் நெஞ்சில் சளி கட்டி இளம் வயதில் போனான். அதற்கும் காரணம் தயாராக இருந்தது. தங்கம் பிரித்தபின் கொட்டிவைத்த சயனைடு மண் மேடு. காற்றுக் காலத்தில் அந்தச் சாம்பல் மண் சோற்றுப் பானைவரை வரும். கண்ணெதிரே ஒரு எதிரி மலைபோல் கிடக்கும்போது வேறொன்றை யார் தேடுவார்கள்?

அதனால் டெய்சிக்குக் கைக்குழந்தையிலிருந்தே நிமோனியா மாறி மாறி வந்தபோது, வினோலியா மேட்டுப் பக்கத்து ஜன்னலுக்கு ஆணியடித்தாள். வாசலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டாள். காற்று எழும்பினால் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப மாட்டாள்.

காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரி. அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்து, வெள்ளை அணுவெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்பார்கள். மருந்து கொடுத்து அனுப்புவார்கள். உடம்பு நன்றாக இருக்கிற நாளில் ஆஸ்பத்திரிக்குப் போவது அந்த வரிசையில் எவருக்கும் பழக்கமில்லை. கணவன் ஏனோக்கு விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்புகிறவன். அவனுடைய லீவெல்லாம் காய்ச்சலுக்கே கரைந்தது.

டெய்சி ஐந்தாம் வகுப்புக்குப் போனபோது அவள் விரல் நுனியிலும் ஒரு மரு எட்டிப் பார்த்தது. அந்த மழைக்காலத்தில் மூச்சு ரொம்பக் கெட்டுப்போய், பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தேற்றி அனுப்பும்போது மமதா என்ற டாக்டர், "காய்ச்சல் இல்லாதப்போ ஒரு நாள் கூட்டிட்டு வாங்க," என்றார்.

"நல்லா இருக்கச்சே இன்னாத்துக்கு டாக்டர்?" என்றான் ஏனோக்கு.

"நல்லா இருக்கறப்போதான் நான் பார்க்கணும்."

போனார்கள். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் பேருக்குத்தான் இருந்தன. மமதா டெய்சியின் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவர் பார்வை வினோலியா கைகளை மறைத்துவைத்திருந்த முந்தானைக்கு வந்தது. "கை தோரிசி," என்றார் கன்னடத்தில்.

வினோலியா அசையவில்லை.

"கையக் காட்டு வினோ. டாக்டர்கிட்ட இன்னா வெக்கம்?" என்றான் ஏனோக்கு.

காட்டினாள். மமதா தாய், மகள் இருவரின் ரத்தத்தையும் வேறு பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"வெள்ளை அணு எலும்பு மஜ்ஜையில பொறக்குது. அங்கேருந்து ரத்தத்துக்கு வந்து, கிருமி இருக்கற இடத்துக்குப் போகணும். எங்க இருக்கணும், எங்க போகணும்னு உடம்பு ரசாயனமா சிக்னல் அனுப்பும். அதைப் பிடிக்க அணு மேல ஏற்பிங்க இருக்குது. கெமோகைன் ஏற்பின்னு பேரு. அதுல ஒண்ணு, மஜ்ஜையிலயே இருன்னு நிறுத்தி வைக்கிறது. நேரம் வந்தா அது அணையணும். உங்க ரெண்டு பேருக்கும் சரியா அணையறதில்ல."

"அப்போ ஆளுங்க இல்லாம இல்ல," என்றான் ஏனோக்கு. "ஷிப்ட் முடிஞ்சும் சுரங்கத்துக்கு அடியில லெவல்லயே நிக்கறாங்க. மேல வர்ற கேஜ்ல ஏற மாட்டேங்கறாங்க."

"அதேதான். கடுமையா காய்ச்சல் வந்தா மட்டும் கொஞ்சம் பேர் மேல வருவாங்க. அந்த நேரம் பார்த்து ரத்தம் எடுத்தா எல்லாம் சரியா இருக்கற மாதிரி தெரியும்."

"எங்க மாமனாரு இருந்திருந்தா யூனியன்ல சொல்லி எல்லாரையும் மேல கொணாந்திருப்பாரு." ஏனோக்கு சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

வினோலியா ஒன்றே ஒன்று கேட்டாள். "இவளுக்கு இது எங்கேருந்து வந்துச்சு?"

"உங்ககிட்டயிருந்துதாம்மா. உங்களுக்கு உங்க அப்பா வழியா வந்திருக்கலாம். உங்களுக்கு லேசா இருக்குது. இவளுக்குக் கடுமை."

அந்த ஏற்பியை அடக்க வெளிநாட்டில் மருந்து வந்திருக்கிறது, இங்கே கிடைக்க முயற்சி செய்கிறேன் என்றார் மமதா. அதுவரை எதிர்ப்புச் சக்திக்கான மருந்தை மாதாமாதம் நரம்பில் சொட்டாக ஏற்றலாம். ஆனால் வலது நுரையீரலின் அடிப்பகுதி ஏற்கெனவே பாழாகிவிட்டது. "சின்னதுலயே பிடிச்சிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். டெய்சி சின்னவளாக இருந்தபோது தான் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது வினோலியாவுக்குத் தெரியும். சாக்கை நனைத்துக்கொண்டிருந்தாள்.

சொட்டு மருந்து ஏறத் தொடங்கியபின் டெய்சிக்குக் கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது. இரண்டு பருவம் முழுசாகப் பள்ளிக்குப் போனாள். வகுப்பில் யாரையோ அடித்துவிட்டு வந்தாள் என்று புகார்கூட வந்தது. வினோலியா அதைக் கேட்டு மனசுக்குள் மகிழ்ந்தாள். அடுத்த மழையில் சளி பாழான இடத்தில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் குழாய் வைத்தார்கள், பெரிய பெரிய மருந்தெல்லாம் கொடுத்தார்கள். வெளிநாட்டு மருந்துக்கு இன்னும் பதில் வரவில்லை. டெய்சி திரும்பவில்லை.

கல்லறையில் மண் தள்ளி முடித்ததும், பக்கத்து வீட்டு பியாட்ரிஸ் வினோலியாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "பாழாப்போன மேட்டு மண்ணு, இந்தப் பச்சப் புள்ளையையும் தின்னுட்டுதே!"

சுற்றி நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஏனோக்கும் மறுக்கவில்லை. பழி மண்ணோடு நின்றால் அவனுக்குப் போதுமாக இருந்தது.

"மண்ணு இல்லக்கா," என்றாள் வினோலியா. அவள் குரலை அங்கே பலர் கேட்டதே அன்றுதான். "ரத்தத்துல வந்தது. எங்க அப்பாவுக்கும் அண்ணனுக்கும் அதுதான் இருந்திருக்கணும். எனக்கும் இருக்குது. என்கிட்டயிருந்துதான் அவளுக்குப் போச்சு." முந்தானையை விலக்கினாள். "இதோ, பாருங்க."

பியாட்ரிஸ் ஓரடி பின்னால் போனாள். பக்கத்தில் நின்ற தன் சின்ன மகளை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"இந்த நோய் ஒட்டாதுக்கா. கூடவே பொறக்கறது."

"இல்லடி, சும்மாதான்," என்றாள் பியாட்ரிஸ். பிள்ளையின் கையை மட்டும் விடவில்லை.