இலை தின்னும் டைனோசரின் வயிற்றுக்குள்

எம்.ஏ. வரலாறு படித்தவள் என்ற ஒரே குற்றத்துக்காக யு.கே.ஜி.யின் டைனோசர் பாடம் என் தலையில் விழுந்தது. "பழசெல்லாம் உங்க ஏரியாதானே மிஸ்" என்றார் பிரின்சிபால். களப்பிரர் காலத்தைப் பற்றியே எனக்குத் தெரிந்தது அரைப் பக்கம். இது அதற்கும் பல கோடி வருடம் முந்திய சமாசாரம். ஆனால் ஐம்பதை நெருங்கும் வயதில் வேலை கொடுத்தவர்களிடம் காலக்கணக்கைப் பற்றி வாதாட முடியாது.

விமானப்படை ஹெலிகாப்டர் போனால் பாடத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் மேலே பார்க்கும் கிழக்குத் தாம்பரத்து நர்சரிப் பள்ளி அது. நாள் முழுக்கப் புள்ளிக்கோட்டின் மேல் பென்சிலை ஓட்ட வைப்பதுதான் என் வேலை. நடுவில் ஒரே ஒரு ஆக்டிவிட்டி பீரியட். பிள்ளைகள் கையால் எதையாவது செய்யலாம், வாயால் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். அந்த ஒரு பீரியட்டை நம்பித்தான் பெருங்களத்தூரிலிருந்து தினமும் ஷேர் ஆட்டோவில், யாருடைய முழங்கையோ விலாவில் இருக்க, வந்து சேர்ந்தேன்.

அதற்கும் ஆபத்து வந்தது. யூனிபார்மில் மைதாப் பசை என்று வாட்ஸ்அப் குழுவில் பெற்றோர் புகார் போட்டார்கள். பக்கத்துத் தெரு பள்ளியில் இதே வயதுப் பிள்ளை கர்சிவ் எழுதுகிறதாம். பள்ளியின் முதலாளியான கரஸ்பாண்டன்ட் ஒருநாள் நேரில் வந்து பார்ப்பார், பிடிக்கவில்லையென்றால் அந்த பீரியட் கையெழுத்துப் பயிற்சிக்குப் போய்விடும் என்று பிரின்சிபால் சொல்லிவிட்டார். எந்த நாள் என்று சொல்லவில்லை.

நான் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். மணலில் எலும்பு தோண்டி எடுப்பதற்காகக் கோழி எலும்பு கேட்டேன், குழுவில் பிரளயம். முருங்கைக்காய்ச் சக்கையைக் காயவைத்துப் புதைத்தேன். பிள்ளைகள் தோண்டி எடுத்து, "மிஸ், டைனோசர் சாம்பார்!" என்றார்கள். பிறகு பல் பாடம். முறுக்கையும் கீரைத்தண்டையும் கடித்து, எதற்கு எந்தப் பல் வேலை செய்கிறது என்று ஒருவர் வாயை ஒருவர் பார்த்தோம். அன்றைக்கு நான் பார்த்த சொத்தைப் பற்களை வைத்து ஒரு பல் மருத்துவர் வீடு கட்டலாம்.

கடைசியில் பெரிய வேலை. கழுத்து நீண்ட, இலை தின்னும் டைனோசர் ஒன்று, நான்கு கால், வகுப்பறையில் பாதி. எங்கள் பள்ளியில் கண்காட்சி என்றால் எல்லாவற்றையும் டீச்சரே செய்வார். பிள்ளை பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும். இதைப் பிள்ளைகளே செய்யட்டும் என்று நினைத்தேன். மூங்கில் சட்டத்தின் மேல் வலை; வேன் டிரைவர் கோவளத்திலிருந்து கொண்டுவந்த பழைய மீன்பிடி வலை. அதன்மேல் பம்மல் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய செய்தித்தாளைப் பிள்ளைகள் மைதாப் பசையால் ஒட்டினார்கள். வாரக்கணக்கில். ஒவ்வொரு பிள்ளைக்கும் எந்தத் துண்டு தன்னுடையது என்று தெரியும்.

வயிறு மட்டும் தொங்கியது. ஒருவர் உள்ளே போய் முதுகால் தாங்கிக்கொள்ள, வெளியிலிருந்து வலையின் திறப்பை இழுத்துக் கட்டி ஒட்டினால் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். நானே உள்ளே போனேன். ஆயா நைலான் கயிற்றால் கட்டினார். பசை இறுகியதும் அவர் முடிச்சை அவிழ்த்து என்னை வெளியே விடுவதாக ஏற்பாடு.

"ஆயா, காபி!" என்று கீழேயிருந்து பிரின்சிபாலின் குரல் கேட்டது.

"இரு டீச்சரே, வந்துட்றேன். அதுக்குள்ள முட்ட கிட்ட வெச்சிடாத" என்று சொல்லிவிட்டு ஆயா போனார்.

முடிச்சின் மேல் பிள்ளைகள் பேப்பர் ஒட்டத் தொடங்கினார்கள். ஓட்டையே தெரியக்கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேன். அப்படிச் சொன்னதைச் செய்யும் பிள்ளைகளை நான் அதுவரை பார்த்ததில்லை. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. குனிந்த நிலையில், மைதா நாற்றத்தில், ஒரு பழைய ராசிபலன் மூக்கை உரசிக்கொண்டிருந்தது. வலையைத் தள்ளிப் பார்த்தேன். வஞ்சிர மீனே அறுக்க முடியாத வலை. முழு பலத்தோடு உதைத்தால் ஒருவேளை சட்டம் முறியும். அவர்கள் ஒட்டியதெல்லாம் அதோடு போகும்.

அப்போதுதான் கதவு திறந்தது. "குட் மார்னிங் சார்" என்று வகுப்பு நீட்டி முழக்கியது. கரஸ்பாண்டன்ட்.

"மிஸ் எங்க?" என்றார்.

வகுப்பைத் தனியே விட்டுப் போன டீச்சருக்கு எங்கள் பள்ளியில் மன்னிப்பே கிடையாது. பேசாமலிருந்தால் வேலை போகும். பேசினால், டீச்சரே டைனோசருக்குள் கிடக்கும் பீரியட்டை எந்த முதலாளி வைத்துக்கொள்வார்? நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"மிஸ்ஸ டைனோசர் முழுங்கிடுச்சு சார்" என்றாள் ஒரு சிறுமி.

"பொய் சார்!" இது முன்வரிசைப் பையன். "இது எல மட்டுந்தான் சாப்டும். பல்லப் பாருங்க, தட்டையா இருக்கு. மிஸ்ஸ சாப்டணும்னா கூரா இருக்கணும்."

"அது உனக்கு எப்டிப்பா தெரியும்?"

"கடிச்சுப் பாத்தோம் சார். நீங்க வாயத் தொறங்க."

"சார் கிட்ட அப்டியெல்லாம்..." என்று கூட வந்திருந்த பிரின்சிபால் ஆரம்பித்தார். கரஸ்பாண்டன்ட் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஏனென்றால் பிள்ளைகள் மொத்தமாக ஓடும் சத்தம் கேட்டது.

"உள்ள தட்டப் பல்லு!"

"ரெண்டு கூர்ப் பல்லும் இருக்குடா!"

"அப்ப சார் எலயும் சாப்டுவாரு, கோழியும் சாப்டுவாரு."

"நான் சுத்த சைவம்மா" என்றார் அவர், கொஞ்சம் பதறிப்போய்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கியதில் பேப்பர் தூசி மூக்கில் ஏறி, டைனோசர் பெரிதாக ஒரு தும்மல் போட்டது. இனி ஒளிவதில் அர்த்தமில்லை.

"குட் மார்னிங் சார்" என்றேன், கழுத்துக் குழாய் வழியாக.

கரஸ்பாண்டன்ட் டைனோசரின் வாயருகே குனிந்தார். "மிஸ், உள்ள என்ன பண்றீங்க?"

"வயித்தத் தாங்கிட்டிருக்கேன் சார்."

"எவ்ளோ நேரமா?"

"இப்பதான் சார்" என்று பொய் சொன்னேன். முட்டி மரத்துப்போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

அவர் யோசித்தார். அந்த யோசனையின் நீளத்தை நான் இடுப்பால் அளந்தேன். "பசங்க நல்லாத்தான் பேசுறாங்க. சரி, இந்த பீரியட் இருக்கட்டும்" என்றார் கடைசியில். நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். "ஆனா எக்ஸிபிஷனுக்குப் பேரன்ட்ஸ் வர்றப்பவும் நீங்க இதே மாதிரி உள்ள இருந்து பேசணும். காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும். ஹைலைட்டா இருக்கும்."

வரலாற்றில் நிபந்தனையோடு விடுதலையான மன்னர்களைப் பற்றிப் பரீட்சை எழுதியிருக்கிறேன். கூண்டுக்குள் இருப்பவர்கள் பேரம் பேசுவதில்லை. "சரிங்க சார்" என்றேன்.

அவர்கள் போனபின் ஆயா பிளேடோடு வந்தார். "இன்னா டீச்சரே, இன்னும் உள்ளயேவா கீற? நல்ல பேஜார்மா உன்னோட" என்று முடிச்சை அறுத்தார். பேப்பர் கிழியக் கிழியப் பிள்ளைகள் முகம் வாடியது. தலை முழுக்கப் பசையோடு நான் தவழ்ந்து வெளியே வந்தேன். யாரும் கை தட்டவில்லை. முன்வரிசைப் பையன் கிழிந்த வயிற்றைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கையில் பசைக் கிண்ணத்தைத் தயாராக வைத்திருந்தான்.

"மிஸ், திரும்ப உள்ள போங்க. நாங்க ஒட்டணும்."