அம்மா கையை நீட்டிய காலை

கடந்த வருடம் கொழும்பு கொட்டாஞ்சேனையில், நாங்கள் குடியிருக்கும் தோட்டத்தில் நடந்தது இது. தோட்டம் என்றால் மரம் செடி அல்ல. ஒரே முற்றம், ஒரே தண்ணீர்க் குழாய், சுவரோடு சுவர் ஒட்டிய சின்ன வீடுகள். அப்பா புறக்கோட்டைச் சந்தையில் மூட்டை தூக்குபவர். அம்மா இடியப்பம் அவித்து விற்பவர். இருவருமே பள்ளிக்கூடம் போனதில்லை. நான் ஆய்வுகூட வேலை படித்து, காசநோய் ஆய்வு ஒன்றில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

காசநோய் உடம்புக்குள் வேலையைத் தொடங்கிவிட்டால், இருமல் வருவதற்கு முன்பே இரத்தத்தில் சில புரதங்களின் அளவு மாறக்கூடும். அதை அளந்து, யாரை உடனே எக்ஸ்ரேக்கு அனுப்ப வேண்டும் என்று கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் எங்கள் ஆய்வு. இருமலே இல்லாதவரிடம் வழக்கமான பரிசோதனைக்குச் சளியைக் கேட்டால் எப்படித் தருவார்? இரத்தம் என்றால் யாரும் தரலாம்.

இதை ஊருக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அப்பாவுக்கே காசநோய் என்று தெரிய வந்தது. அவர் மாத்திரை குடிக்கத் தொடங்கினார். வீட்டில் கூட இருந்தவர்களையும் பரிசோதிக்க வேண்டும். நான் செய்துகொண்டேன். அம்மா மட்டும் மறுத்துவிட்டார்.

"ரத்தம் எடுக்கிற உங்கட வேன் வாசல்ல வந்து நின்டா, பொறகு எவ என்ட இடியப்பத்த வாங்குவா?"

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் இடியப்பம் வேண்டியவர்கள் முதல் நாள் மாலையே தங்கள் தட்டை எங்கள் வாசல் பலகையில் வைத்துவிட்டுப் போவார்கள். எந்தத் தட்டு எந்த வீட்டுடையது என்று அம்மாவுக்குத் தெரியும். ஒரு தட்டு வராவிட்டால் அந்த வீட்டுக்கு எங்கள்மேல் ஏதோ மனக்கசப்பு என்று அர்த்தம். காசநோய் காற்றில்தான் பரவும், சாப்பாட்டில் பரவாது என்று சொல்லிப் பார்த்தேன்.

"அத எனக்குச் சொல்லாத. தட்டு வைக்கிறவங்களுக்குச் சொல்லு" என்றார்.

விருப்பமில்லாதவருக்கு ஊசி போடக் கூடாது. அம்மாவாக இருந்தாலும் அதேதான். நான் வற்புறுத்தவில்லை. சில நாட்கள் கழித்து அவரே வந்து ஆரம்பித்தார்.

"பக்கத்து வீட்டு மனுசன் ஒவ்வொரு நாளும் அப்பாவோட ஒரே ரூம்ல இருந்து கேரம் அடிச்சவர். அவருக்குச் சொல்லாம எப்பிடிடா இருக்கிறது? ஞாயித்துக்கிழம வேன வரச் சொல்லு. ஆனா நீதான் எனக்குக் குத்தணும்."

எங்கள் குழுவின் டொக்டர், இரத்தம் மட்டும் நான் எடுக்கலாம், பரிசோதனையை வேறொருவர் செய்யட்டும் என்று சம்மதித்தார்.

ஞாயிறு காலை, பெண்கள் தட்டை எடுக்க வரும் நேரம் பார்த்து அம்மா பிளாஸ்டிக் கதிரையை முற்றத்தின் நடுவில் போட்டு உட்கார்ந்தார்.

"என்ட மனுசனுக்கு டீபி. மருந்து குடிக்கிறார். ஒளிக்க ஒண்டும் இல்ல. இப்ப மகன் என்ட ரத்தத்த எடுக்கப் போறான். பாருங்க."

தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர் குழாயை மூடிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நரம்பை மறுபடி மறுபடி தேடினேன்.

"என்னடா, ஊரெல்லாம் குத்துறவனுக்கு அம்மாவக் குத்தப் பயமா?"

யாரோ சிரித்தார்கள். பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா தன் கணவரை முன்னால் தள்ளிவிட்டார். "இவரும் உங்கட வீட்டுல கேரம் பலகையோடதானே குடும்பம் நடத்துறாரு. இவருக்கும் குத்துங்க தம்பி, நல்லா வலிக்கிற மாதிரி!"

அந்தக் காலை இன்னும் சிலர் சட்டைக் கையை மடித்தார்கள்.

அம்மாவுக்கு ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டு அண்ணனின் இரத்தத்தில்தான் அந்தப் புரதங்களின் அளவுகள் உயர்ந்திருந்தன. ஒரு இருமல்கூட இல்லாத மனிதர். எக்ஸ்ரேயிலும் அடுத்த பரிசோதனைகளிலும் நோய் ஆரம்பத்திலேயே பிடிபட்டது. அவரே வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார்.

அதன் பிறகு சில வாரங்கள் பலகையில் தட்டுகள் குறைந்தது உண்மை. அம்மா மாவைக் குறைத்துப் பிசைந்தார், முணுமுணுக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தட்டு மட்டும் ஒரு நாளும் தவறவில்லை. மற்றவை ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அந்த அண்ணனும் மாத்திரைகளை முடித்துவிட்டு இப்போது நன்றாக இருக்கிறார்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான் என்று அம்மா போவோர் வருவோரிடமெல்லாம் சொல்வார். எங்கள் தோட்டத்தில் முதலில் கையை நீட்டியவர் என் அம்மா என்று, அதைவிடப் பெருமையாக, நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.