என் சாணும் அண்ணன் சாணும்

எங்கள் காரின் கைபிரேக்கை இழுத்தால் கை தோள்வரை வரும். கார் மட்டும் நிற்காது. தொண்ணூற்றைந்து வாக்கில், மறுநாள் காலை பத்து மணிக்கு லைசென்ஸ் சோதனையை வைத்துக்கொண்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அண்ணனும் இருந்த நிலைமை அதுதான்.

எனக்கு வலது கால் குழந்தையிலேயே போலியோவில் போய்விட்டது. வண்ணார்பேட்டையிலிருந்து அம்பாசமுத்திரத்துக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்தேன். இங்கே அண்ணன் ஏற்றிவிடுவான், அங்கே கூட வேலை பார்க்கும் ஒருத்தி கைகொடுத்து இறக்குவாள். கோயில், கடை, கல்யாணம் என்றால் மதினி வருவாள். எல்லாரும் நல்லவர்கள்தான். ஆனால் வாசலில் செருப்பை மாட்டினாலே உள்ளேயிருந்து, "துணைக்கு யாரு வாரா?" என்று ஒரு குரல் வரும். இருபத்தேழு வயதுவரைக்கும் என் காலைவிட அந்தக் கேள்வியைத்தான் அதிகம் வெறுத்தேன். அதற்காகத்தான் கார்.

கார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். யாரோ கழித்துப் போட்ட வண்டி. தபால் ஆபீஸ் குமாஸ்தாவான அண்ணன் அதை முற்றத்தில் நிறுத்தி, எட்டு மாதம் லீவு நாளெல்லாம் அதனடியில் படுத்துக் கிடந்தான். என் நல்ல காலுக்கு கிளட்ச். மற்றதெல்லாம் ஸ்டீயரிங் பக்கத்தில் அவன் பொருத்திய ஒரே கைக்கம்பியில். தள்ளினால் பிரேக், இழுத்தால் வேகம். சமதரையில் ராணி மாதிரி ஓட்டினேன். மேட்டில்தான் வம்பு. மேட்டில் நின்றுவிட்டுக் கிளம்ப வேண்டுமானால் கைக்கம்பியை பிரேக்கிலிருந்து வேகத்துக்கு மாற்ற வேண்டும். அந்த இரண்டு நொடி வண்டியைப் பிடித்துக்கொள்ளக் கைபிரேக்கை விட்டால் நாதியில்லை.

கைபிரேக் முதலில் முன்னால் கண்ணாடிக்குக் கீழே இருந்தது. எனக்குக் குனிந்து இழுக்க வரவில்லை என்று அண்ணன் அதை என் சீட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான். கைப்பிடி பின்சக்கரத்துக்குக் கிட்டே வந்துவிட்டதால் கேபிள் நீளம் அதிகமாகித் தொளதொளவென்று தொங்கியது. குறைக்க வேண்டும், அவ்வளவுதான். கேபிள் என்பது மேலே ஒரு உறை, அதற்குள் ஓடும் கம்பி. இரண்டையும் ஒரே அளவு குறைக்க வேண்டும்.

அண்ணன் கேபிளைக் கழற்றி, கம்பியை உருவி என் மடியில் போட்டான். "ஒரு சாணும் மூணு விரக்கடையும் குறைக்கணும் ளா. கம்பில நீ அளந்து நூலக் கட்டு, உறைய நான் அறுத்துருதேன்" என்றான். மதினி ஜாக்கெட் தைக்கும் அளவு நாடா உள்ளே அலமாரியில் இருந்தது. எழுந்து போய் எடுக்க இரண்டு பேருக்கும் உடம்பு வணங்கவில்லை. அவன் சாண் வைத்து உறையை அறுத்தான். நான் சாண் வைத்துக் கம்பியில் சிவப்பு நூலைக் கட்டினேன். அவன் சைக்கிளில் போய், கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த லேத் பட்டறை அண்ணாச்சியைக் கையைக் காலைப் பிடித்து நிறுத்தி, நூல் கட்டிய இடத்தில் வெட்டி, நுனியில் கம்பி நழுவாமல் பிடிக்கும் புதுக் குமிழ் பற்றவைத்து வாங்கி வந்தான். அண்ணாச்சி பட்டறையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்.

மாட்டிவிட்டு ஆற்றுக்கு இறங்கும் சரிவில் கொண்டுபோய் நிறுத்தினோம். கைபிரேக்கை இழுத்துவிட்டுக் கைக்கம்பியை விட்டேன். கார் பின்னோக்கி, குளிக்கப் போகிறவர் மாதிரி நிதானமாக ஆற்றைப் பார்த்து நடந்தது. கீழே துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் வாளியோடு எழுந்து ஓடினார்கள். நான் மறுபடி கைக்கம்பியைத் தள்ளி நிறுத்திவிட்டேன், இல்லாவிட்டால் தாமிரபரணியில்தான் சோதனை நடந்திருக்கும்.

முற்றத்துக்கு வந்ததும் சண்டை. நீ சரியாக வெட்டவில்லை, நீ சரியாகக் கட்டவில்லை என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி. இரண்டு பேரும் அளந்து காட்டுவதற்காக ஒரே நேரத்தில் கையை விரித்துத் தரையில் வைத்தோம். அவன் சாண் என் சாணைவிட இரண்டு விரற்கடை பெரிது. உறை அவன் கைக்குக் குறைந்திருந்தது, கம்பி என் கைக்குக் குறைந்திருந்தது; அந்த இரண்டு விரற்கடைக் கம்பிதான் மிச்சமாகத் தொங்கியது. மதினி வெளியே வந்து பார்த்துவிட்டு அளவு நாடாவைக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்கு அவளைக் கொன்றுபோடலாம் போல இருந்தது.

கம்பியை மறுபடி வெட்டலாம்தான். குமிழ் பற்றவைக்க ஆளில்லை. சோதனையை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போடலாம் என்று அண்ணன் சொன்னான். இன்னும் ஒரு மாதம் என்னைத் தூக்கி ஏற்றி இறக்க வேண்டுமா என்று கத்திவிட்டு, மதினியின் மொபெட் பக்கத்தில் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். கோபத்தில் எதையாவது திருகாவிட்டால் எனக்கு ஆகாது. அதன் பிரேக் கைப்பிடியில், கம்பி நுழைகிற இடத்தில் ஒரு துளைபோட்ட திருகு இருக்கும். அதைத் திருகினேன். திருகு வெளியே வர வர பிரேக் இறுகியது. கம்பியை யாரும் வெட்டவில்லை. திருகு உறையைத்தான் பின்னால் தள்ளுகிறது.

கம்பியைக் குறைக்க வேண்டியதே இல்லை. உறையை நீட்டினால் போதும்.

"அண்ணே, அறுத்த துண்ட எங்க போட்ட? அதுல ரெண்டு விரக்கடை திரும்ப வைக்கணும். கம்பியத் தொடாத" என்றேன். அவன் முதலில் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தான். மொபெட் திருகை அவன் கண்முன்னால் இரண்டு தடவை திருகிக் காட்டினேன். பிறகு அவன் வேகத்தைப் பார்க்க வேண்டுமே. அறுத்த உறைத் துண்டு நசுங்கிப் போயிருந்ததால், பழைய இரும்புக் குழாயில் இரண்டு விரற்கடை வெட்டினான். இந்தத் தடவை நாடாவை வைத்து அளந்தது நான். கம்பி உள்ளே நுழைய நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு, உறை முடிகிற இடத்தில் சொருகி, நழுவாமல் இரு பக்கமும் வாஷர் வைத்தான். வெயில் தாழ்வதற்குள் மறுபடி அதே சரிவு. நாலாவது பல்லிலேயே கைபிரேக் கடித்துக்கொண்டது. அண்ணன் முன்னால் நின்று பானெட்டில் கைவைத்து உன்னித் தள்ளினான். வண்டி அசையவில்லை. துணி துவைக்கிற பெண்கள் இந்தத் தடவை எழுந்திருக்கக்கூட இல்லை. எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஏதோ வந்தது.

மறுநாள் இன்ஸ்பெக்டர் காரைச் சுற்றி வந்து, இதையெல்லாம் யார் செய்தது என்று கேட்டார். நாங்கள்தான் என்றேன். பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, சமதரையில் ஒரு சுற்று விட்டுவிட்டு, நேரே மேட்டுக்குப் போகச் சொன்னார். பாதி மேட்டில், "இங்கன நிறுத்துங்கம்மா. ரெண்டு கையையும் எடுத்து மடில வையுங்க" என்றார்.

கைபிரேக்கை இழுத்தேன். கைகளை மடியில் வைத்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பின்னால் ஒரு லாரி வந்து ஹார்ன் அடித்தது. அவர் நகரவில்லை, நானும் நகரவில்லை, காரும் நகரவில்லை. "ம், எடுங்க" என்றார். கிளட்சை விட்டு, கைக்கம்பியை இழுத்து, கைபிரேக்கைத் தாழ்த்தினேன். ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகாமல் வண்டி ஏறியது.

கிளம்பிய இடத்துக்குத் திரும்பியதும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, லைசென்ஸை மாலையில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி இறங்கிப் போனார். அண்ணன் ஓடிவந்து என் பக்கத்துக் கதவைத் திறந்து, வழக்கம்போலக் கையை நீட்டினான்.

"நான் இறங்கல. கதவ அடைச்சிரு" என்றேன்.

எங்கே போகிறேன் என்று கேட்க வாயெடுத்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே கதவைச் சாத்தினான்.

எனக்கே தெரியாது. சாலை போன பக்கம் போனேன். சீவலப்பேரிக்குக் கொஞ்சம் முன்னால், வயலைப் பார்த்த ஒரு சரிவில் நிறுத்திக் கைபிரேக்கை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். நான் எங்கே இருக்கிறேன் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் ஒரு மணி நேரம் இருந்தது, என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.