கதைக்கிற பலகை

கல்முனை பசாரில் அந்தக் கடையின் நடுத்தட்டில் இரண்டு விளையாட்டுச் சாமான்கள் அருகருகே இருந்தன. ஒன்று மரப்பலகை. வட்டம், முக்கோணம், மீன், பிறை என்று குழிகள் வெட்டி, அவற்றில் பொருந்தும் துண்டுகளைப் பதித்திருந்தார்கள். மற்றது பிளாஸ்டிக். எழுத்தை அழுத்தினால் அடியில் விளக்கு எரியும். ஒரு பெண்குரல் அந்த எழுத்தைச் சொல்லும். நோன்பின் கடைசிப் பத்து நாட்களில் ஒரு வியாழக்கிழமை, பின்நேர அஸர் தொழுதுவிட்டு நேரே போயிருந்தேன். நாளையும் வேளையையும் குறித்து வைப்பது என் பழக்கம். அந்தப் பழக்கம் ஒரு பிள்ளையைக் கெடுத்த விதத்தைத்தான் இப்போது எழுதுகிறேன்.

தங்கையின் மகனுக்குப் பெருநாள் பரிசு தேடினேன். அவனுக்கு அப்போது மூன்று வயதும் ஐந்து மாதமும். ஒரு சொல்கூடப் பேசியதில்லை. மச்சான் கட்டாரில் வேலை செய்ததால் பிள்ளையின் காரியங்களெல்லாம் மாமனாகிய என் பொறுப்பில் இருந்தன. எங்கள் குடும்பத்து ஆண்கள் பிந்தித்தான் கதைப்பார்கள், வாப்பாவே நான்கு வயதில்தான் வாய் திறந்தார் என்று தங்கைக்குத் தைரியம் சொல்லி வந்தவனும் நான்தான். நிறைய வாசிப்பவனுக்கு இதில் ஒரு வசதி உண்டு. பிந்திப் பேசிப் பெரிய ஆளானவர்களைப் பற்றி எங்காவது ஒரு வரி கிடைத்துவிடும். கதைக்காத பிள்ளைக்குக் கதைக்கிற சாமானை வாங்கிக் கொடுப்போம், கேட்டுக் கேட்டுப் பழகட்டும் என்று பிளாஸ்டிக் பலகையைக் கையில் எடுத்தேன்.

கடைக்காரருக்கு உற்சாகம். “இதெ வாங்கிக் குடுங்க சேர், பெருநாளைக்குள்ள ஒங்கட மருமகன் பள்ளிவாசல் மிம்பர்ல ஏறி நிண்டு பயான் பேசுவான். மறுகா அவன்ட வாய மூடத்தான் சாமான் கேட்டு வருவீங்க” என்றார். அரசாங்கக் கந்தோரிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு ஊராருக்கு மனுக்களும் கடிதங்களும் எழுதிக் கொடுத்து வந்ததால் எல்லோருக்கும் நான் சேர்.

மருமகன் போய்க்கொண்டிருந்த நேசறியின் டீச்சரும் அந்தக் கடையில் நின்றார். பெருநாள் விடுமுறைக்கு முன் பிள்ளைகளுக்கு வாழ்த்து மடல் செய்ய வண்ணத்தாள் வாங்க வந்திருந்தார். இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது. என் கையிலிருந்ததைப் பார்த்துவிட்டு அருகில் வந்து மரப்பலகையைத் தொட்டுக் காட்டினார்.

“சேர், இதெ எடுங்க. அவனுக்கு இதுதான் புடிக்கும். நேசறில ஒரு துண்ட ஆரும் மாத்தி வெச்சா அவன் விடமாட்டான், திரும்ப எடுத்துச் சரியா வெப்பான். நல்ல மூள சேர் அவனுக்கு.”

“இதில எழுத்தும் படிக்கலாமே, டீச்சர்.”

அவர் கடைக்காரரை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “கோவிக்காதீங்க. புள்ளட காத ஒருக்கா டொக்டர்ட்டக் காட்டுங்க. பின்னால நிண்டு கூப்பிட்டா அவன் திரும்புறானில்ல.”

எனக்கு நோன்பு மறந்து கோபம் வந்தது. அவன் பிறந்தபோது தகப்பன் ஊரில் இல்லாததால் வலது காதில் தொழுகை அழைப்பான பாங்கைச் சொன்னவன் நான். வீரிட்டு அழுதுகொண்டிருந்த குழந்தை முதல் ‘அல்லாஹு அக்பரி’லேயே அழுகையை நிறுத்தி என் பக்கம் முகத்தைத் திருப்பியது. அன்று மாலையே என் குறிப்பேட்டில் அதை எழுதினேன்: பாங்கைக் கேட்டான், முகம் திருப்பினான்.

“இந்தப் புள்ளட காதில மொத மொத பாங்கு சொன்னது நான், டீச்சர். கேட்டுத் திரும்பினவன். நாளோட நேரத்தோட எழுதி வெச்சிரிக்கன். நீங்க என்ன கதை கதைக்கிறீங்க?”

சத்தமாகத்தான் சொன்னேன். கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நோன்பு மாதத்தில், பசார்க் கடையில், நாலு பேர் முன்னால், பாங்கு அந்தக் காதில் விழவில்லை என்று ஓர் இளம்பெண் எப்படிச் சொல்வாள்? “சரி சேர்” என்று சொல்லிவிட்டு வண்ணத்தாளைக்கூட எடுக்காமல் போனார். நான் பிளாஸ்டிக் பலகையையே வாங்கிக்கொண்டு வந்தேன்.

விஷயத்தைக் கேட்டுத் தங்கை அழுதாள். “காக்கா, செவிடன் எண்டு ஊருக்குள்ள ஒருக்காப் பேர் வந்தா அது போகுமா?” அவள் அழுகை எனக்குப் போதிய நியாயமாக இருந்தது. நேசறியின் நிர்வாக சபைக்கு ஒரு கடிதம் எழுதினேன். பிள்ளைகளுக்கு இல்லாத குறைகளை டீச்சர் பொது இடத்தில் சொல்லித் திரிகிறார் என்று ஒரே பக்கத்தில், நிதானமான தமிழில், யாரும் மறுக்க இடமில்லாதபடி. நான் எழுதிய கடிதங்களில் மிகவும் சிறப்பாக அமைந்தவற்றில் அதுவும் ஒன்று. பெருநாள் விடுமுறை முடிந்து நேசறி திறந்தபோது அந்த டீச்சர் இல்லை.

பத்து மாதம் போயிற்று. மாரியின் கடைசி மழைகள். ஒரு பகல் தங்கை வீட்டுக்குப் போனேன். பிள்ளை பாயில் உட்கார்ந்து பலகையை அழுத்திக்கொண்டிருந்தான். விளக்கு எரியும்போதெல்லாம் சிரித்தான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

“இதுட சத்தம் எங்க?”

“அது தண்ணி வாளிக்குள்ள உழுந்ததோட செத்துப் போச்சு காக்கா. மாதம் ஒண்டாகுது. லைட் மட்டும் எரியுது” என்று தங்கை சிரித்தாள். “எனக்கும் தலையிடி இல்ல.”

ஒரு மாதமாகக் குரல் இல்லை. பிள்ளையோ அதைத் தேடவே இல்லை. அவன் பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அடுக்களையிலிருந்து சட்டி மூடியையும் அகப்பையையும் கொண்டுவந்து அடித்தேன். பூனை வெளியே பாய்ந்தது. தங்கை என்ன காக்கா என்று பதறினாள். அவன் அசையவில்லை. பிறகு குனிந்து, வலது காதருகே வாயைக் கொண்டுபோய் மெல்லப் பெயரைச் சொன்னேன். உடனே திரும்பினான். காதைத் தோளில் தேய்த்துக் கூச்சத்தோடு சிரித்தான்.

அவன் பிறந்த அன்று திரும்பியதும் இதே மூச்சுக்காற்றுக்குத்தான்.

கொழும்பில் டொக்டர் கேட்டது ஒரே கேள்வி: “ஏன் இவ்வளவு நாள் பொறுத்தீங்க?” பேச்சு எளிதாகப் படியும் காலத்தின் பெரும்பகுதியை அவன் ஓசையில்லாமல் கழித்துவிட்டான் என்றார். கருவி பொருத்தலாம், பயிற்சி கொடுக்கலாம், எவ்வளவு பேச்சு வரும் என்று சொல்ல முடியாது என்றார். கருவிக்குக் காத்திருந்ததில் இன்னும் சில மாதங்கள் கழிந்தன. இன்று அது காதில் இருக்கிறது. பாதி நேரம் பிடுங்கி எறிகிறான். தங்கை என்னை ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை. என் முன்னால் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அவனைக் கூட்டிக்கொண்டு மருதமுனையில் டீச்சரின் வீட்டைத் தேடிப் போனேன். அவருடைய உம்மா மட்டும் இருந்தார். மகள் குவைத்தில் இருக்கிறாளாம், ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கிற வேலை. “அந்த நேசறிக்குப் புறகு இஞ்ச ஒரு இடத்திலயும் எடுக்கல்ல சேர்” என்றார். நேசறியில் அவர் மகளிடம் படித்த பிள்ளையின் மாமா என்று நான் சொன்னதும் அவருக்கு மகிழ்ச்சி. “மகள் கண்டா சந்தோசப்படுவா” என்று போனில் வீடியோ அழைப்பு எடுத்தார்.

திரையில் என் முகத்தைக் கண்டதும் டீச்சர் முக்காட்டை இழுத்துவிட்டார். “புள்ளயக் காட்டுங்க” என்றார். அவனைக் கண்டதும் கன்னத்தை உப்பிக் காட்டினார். அவனும் உப்பினான். அவர் மூக்கைச் சுளித்தார், அவனும் சுளித்துக் கலகலவென்று சிரித்தான். என் வீட்டில் யாரும் அவனோடு இப்படிக் கதைத்ததில்லை.

“எத்தின வயசு இப்ப?”

“அஞ்சு வயசும் ஒரு மாசமும்.”

“மெசின் எப்ப போட்ட?”

“போன மாசம்.”

அவர் திரையை நெருங்கி அவன் காதைப் பார்த்தார். அங்கே ஒரு குழந்தை அழுதது. யாரோ அரபியில் அதட்டிக் கூப்பிட்டார்கள். “நான் போகணும்” என்றார்.

“டீச்சர், அந்தக் கடிதம்...”

“தெரியும் சேர். எனக்கும் வாசிக்கத் தந்தவங்க.”

அழைப்பு நின்றது. அவருடைய உம்மா தேத்தண்ணியை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“என்ன கடிதம் சேர்?” என்று கேட்டார்.

நான் எழுந்து வாசலில் பிள்ளையின் செருப்பைத் தேடத் தொடங்கினேன்.