ஆமென் வராத ஜெபம்

எங்கள் தாம்பரம் சபையில், "அவரைப் பார்த்துக் கத்துக்கோ" என்றுதான் பிள்ளைகளைத் திட்டுவார்கள். பொத்தேரியில் ஒரு வாடகை அறையில் கிரிப்டோ ஆப் தொடங்கி, நாவலூரில் கண்ணாடி அலுவலகம் வரை வளர்ந்தவர். வெள்ளைச் சட்டை, ஒட்ட வெட்டிய தாடி. எதைத் தொடங்கினாலும், "ஒரு சின்ன ஜெபம் பண்ணிட்டு ஆரம்பிக்கலாமா?" என்பார். அந்த ஒரு பழக்கத்தை நம்பியே சபையில் பாதிப் பேர் அவருடைய ஆப்பில் பணம் போட்டோம்.

திடீரென்று ஒருநாள் பணத்தை எடுக்க முடியாமல் போனது. எல்லோரும் நாவலூருக்கு ஓடினோம். ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் அவர் மேசையைத் தட்டினார்.

"தம்பி, தையில பொண்ணுக்குக் கல்யாணம். போன்ல பணம் தெரியுது, கைக்கு ஏன் வரமாட்டேங்குது?"

"சொல்றேன் டீச்சர். முதல்ல ஒரு சின்ன ஜெபம் பண்ணிடலாமா?"

கத்திக்கொண்டிருந்தவர்கள்கூடக் கண்களை மூடிக்கொண்டார்கள். ஆமென் சொல்லும்வரை எங்களில் யாரும் கண் திறப்பதில்லை; சின்ன வயதிலிருந்தே ஊறிய பழக்கம்.

மழைக்காக, நாட்டுக்காக, பெரும்பாக்கம் ஆஸ்பத்திரி நோயாளிகளுக்காக என்று ஜெபம் நீண்டுகொண்டே போனது. பொறுக்க முடியாமல் கண்ணைத் திறந்தேன். அவரும் திறந்துதான் வைத்திருந்தார். குரல் நிற்கவில்லை. என்னைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையை மட்டும் ஆட்டினார்.

அந்தக் கண்களில் கள்ளம் தெரிந்திருந்தால் கத்தியிருப்பேன். பயம்தான் தெரிந்தது. ஆமெனுக்குப் பிறகு சொல்ல அவரிடம் ஒன்றுமே இல்லை.

ஏன் என்று இன்றும் தெரியவில்லை, நான் மறுபடி கண்களை மூடிக்கொண்டேன்.